ஜெர்போவாவை எலும்பு பார்த்து வகைப்படுத்துவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜெர்போவா என்றதும் எல்லோர் கண்ணும் போவது அதன் பின்னங்கால்களுக்குத்தான். முன்னங்கால்கள் சின்னதாக மார்போடு ஒட்டிக்கிடக்க, பின்னங்கால்கள் மட்டும் பல மடங்கு நீண்டு, இரண்டு காலில் துள்ளி ஓடும் கொறித்துண்ணி அது. ஆனால் அந்தக் காலை மட்டும் நம்பி உறவு சொல்லப் போனால் வழி தவறிவிடும். வட அமெரிக்கப் பாலைவனங்களின் கங்காரு எலி, ஆப்பிரிக்காவின் துள்ளுமுயல், ஆஸ்திரேலியாவின் நோட்டோமிஸ் என்ற துள்ளெலி ஆகிய மூன்றும் இதே போல இரண்டு காலில் துள்ளுகின்றன. மூன்றும் வேறு வேறு குடும்பங்கள், ஜெர்போவா நான்காவது. திறந்த வறண்ட நிலத்தில் வாழ்க்கை ஒரே மாதிரி அமைந்ததால் உடலும் ஒரே மாதிரி வடிவெடுத்திருக்கிறது.

அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கால் அந்த விலங்கு எப்படி வாழ்கிறது என்பதை உரக்கச் சொல்லும். அது யாருக்குச் சொந்தம் என்பதைப் பெரும்பாலும் மண்டையோடும் பல்லும்தான் சொல்லும். மண்டையோட்டில் தொடங்கி, உறவு வட்டத்தைச் சுருக்கிக்கொண்டு, அப்புறம் காலுக்கு வந்தால், அதே கால் மிக நம்பகமான சாட்சியாக மாறிவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது.

யார் யாரைப் பிரிக்கப் போகிறோம்

ஜெர்போவாக்களும் அவற்றின் நெருங்கிய சொந்தங்களும் சேர்ந்த கூட்டத்துக்கு டைபோடாய்டியா என்று பெயர். இது ஒரு பெருங்குடும்பம். ஐம்பதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதில் உண்டு. வெகுகாலம் எல்லாவற்றையும் டைபோடிடே என்ற ஒரே குடும்பத்துக்குள் வைத்து, துணைக்குடும்பங்களாகப் பிரித்துப் பேசினார்கள். 2013-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு இதை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம் என்றது: பிர்ச் எலிகள் (சிசிஸ்டா பேரினம்) ஒன்று, துள்ளும் சுண்டெலிகள் (வட அமெரிக்காவின் சேபஸ், நாபியோசேபஸ், சீனாவின் ஈயோசேபஸ்) இன்னொன்று, உண்மையான ஜெர்போவாக்கள் மூன்றாவது.

உண்மையான ஜெர்போவாக்களுக்குள் ஒரு புதியவர் தெரிந்துகொள்ள வேண்டிய கிளைகள் இவை. குள்ள ஜெர்போவாக்கள்: கார்டியோகிரேனியஸ், சால்பிங்கோட்டஸ். ஐந்துவிரல் ஜெர்போவாக்கள்: அல்லாக்டாகாவும் அதன் கூட்டாளிகளும். மூன்றுவிரல் ஜெர்போவாக்கள்: டைபஸ், ஜாகுலஸ் முதலியவை. இவை போக, தனித்து நிற்கும் இரண்டு. ஒன்று மங்கோலியாவிலும் சீனாவின் பாலைவனங்களிலும் வாழும் நீள்செவி ஜெர்போவாவான யூகோரியூட்டஸ் நாசோ. மற்றொன்று மத்திய ஆசியாவின் காராகூம், கிசில்கூம் மணல்வெளிகளில் வாழும் சீப்புவிரல் ஜெர்போவாவான பாராடைபஸ். இந்தப் பெயர்களை இப்போதே மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எலும்பைக் கையில் எடுத்தால் தானாகப் பதியும்.

கையில் என்ன வேண்டும்

சுத்தம் செய்த மண்டையோடு, கீழ்த்தாடை, ஒரு பின்பாதம். இவை மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் காலிப்பர், நல்ல வெளிச்சம், ஒரு நோட்டு. நுண்ணோக்கி கிடைத்தால் பல்லைப் பார்க்க உதவும், இல்லாவிட்டாலும் தொடங்கலாம்.

இதற்காக எந்த விலங்கையும் பிடிக்கவோ கொல்லவோ வேண்டாம். அருங்காட்சியகச் சேகரிப்புகளில் எண்ணற்ற மாதிரிகள் இருக்கின்றன. முறையாக எழுதிக் கேட்டால் ஆய்வுக்குக் காட்டுவார்கள். மார்ஃபோசோர்ஸ் போன்ற இணையக் களஞ்சியங்களில் மண்டையோடுகளின் முப்பரிமாண ஸ்கேன்கள் கிடைக்கின்றன. திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆந்தைகள் கக்கிப் போடும் உருண்டைகளுக்குள்ளும் மண்டையோடும் கால் எலும்பும் அகப்படும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய அருங்காட்சியகத் தோல்களைப் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் தடவி வைத்திருப்பார்கள். அது இன்றைக்கும் அந்தத் தோலில் இருக்கும். ஆந்தை உருண்டைகளைப் பிரிப்பதற்கு முன்னால் அவற்றைச் சூடாக்கிக் கிருமி நீக்குவது வழக்கம்.

முதல் படி: வயதைப் பார்

பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். குட்டியின் எலும்பை வைத்துக்கொண்டு பெரிய விலங்குக்கான அடையாளங்களைத் தேடினால் ஒன்றும் பொருந்தாது. கடைசிக் கடைவாய்ப்பல் முழுதாக முளைத்துவிட்டதா என்று பாருங்கள். மண்டையோட்டின் அடிப்பக்கம் எலும்புகள் சேரும் கோடுகள் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் ஆம் என்றால் மேலே போகலாம்.

ஜெர்போவாவில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அதன் பாதத்தின் பெரிய அடையாளமே பிறந்த பிறகுதான் உருவாகிறது. ஜாகுலஸ் குட்டியின் பாதத்தில் நடு மூன்று எலும்புகளும் தனித்தனியாகவே இருக்கும். வளர வளரத்தான் ஒன்றாகச் சேரும். எதிர்ப்பக்கத்திலும் கவனம் வேண்டும். வயதான விலங்கின் கடைவாய்ப்பல் தேய்ந்து, மேற்பரப்பின் மடிப்புகள் மறைந்து, வெறும் தட்டையாகக் கிடக்கும். அப்படிப்பட்ட பல்லை வைத்து ‘மடிப்பு இல்லாத இனம்’ என்று எழுதக் கூடாது.

இரண்டாம் படி: கண்ணுக்குக் கீழே உள்ள துளை

மண்டையோட்டைப் பக்கவாட்டில் பிடித்து, கண்குழிக்கு முன்னால், கன்ன வளைவு தொடங்கும் இடத்தைப் பாருங்கள். எல்லாக் கொறித்துண்ணிகளுக்கும் அங்கே ஒரு துளை உண்டு. கண்கீழ்த் துளை என்று சொல்லலாம். கொறித்துண்ணிகளை வகைப்படுத்துவதில் இதைவிட அதிகமாகப் பேசப்பட்ட துளை வேறு இல்லை. 1855-ல் பிராண்ட் என்ற விலங்கியலாளர் கொறித்துண்ணிகளை அணில் வகை, சுண்டெலி வகை, முள்ளம்பன்றி வகை என்று மூன்றாகப் பிரித்ததற்கு அடிப்படையே, மெல்லும் தசை இந்த இடத்தை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதுதான்.

அணில் வகையில் துளை சின்னது. அதில் நரம்பும் இரத்தக் குழாயும் மட்டும் போகும், தசை போகாது. சுண்டெலி வகையில் மேலே அகன்று கீழே குறுகி, சாவித் துவாரம் போல இருக்கும். தசையின் ஒரு பகுதி மேல்பாதி வழியே நுழைந்து முகத்துக்குப் போகும். முள்ளம்பன்றி வகையில் துளை மிகப் பெரியது. தசையின் உள்பகுதி முழுத் தடிமனோடு அதன் வழியே முகத்தின் முன்பக்கம் வரை பாயும்.

ஜெர்போவாவுக்கு இருப்பது மூன்றாவது வகை. பெரிய, உருண்டையான துளை. அதோடு இன்னொன்றையும் தேடுங்கள்: பெரிய துளைக்குக் கீழே, உள்பக்கமாக, நரம்புக்கும் குழாய்க்கும் என்று தனியாக ஒரு சின்னத் துளை இருக்கும். பெரிய துளையும் இந்தச் சின்னத் துளையும் சேர்ந்து தெரிந்தால் டைபோடாய்டியா கூட்டத்துக்குள் வந்துவிட்டோம் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

பிர்ச் எலியின் விஷயத்தில் இதன் அருமை புரியும். சிசிஸ்டாவைப் பார்த்தால் சாதாரணச் சுண்டெலி என்றே தோன்றும். கால் நீளமில்லை, நீண்ட துள்ளல் இல்லை, புல்லிலும் புதரிலும் ஏறி வாழ்கிறது. ஆனால் மண்டையோட்டில் அந்தப் பெரிய துளை இருக்கிறது. வெளித்தோற்றம் சொல்லாத சொந்தத்தை முகத்தின் ஒரு துளை காட்டிக்கொடுக்கிறது. இந்த ஒரு உதாரணத்துக்காகவே உடற்கூறு படிக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

சரி, அப்படியென்றால் ஜெர்போவா முள்ளம்பன்றிக்குச் சொந்தமா? இல்லை. கீழ்த்தாடையை எடுத்துப் பாருங்கள். முள்ளம்பன்றி, கினிப்பன்றி கூட்டத்தில் தாடையின் பின்மூலை, வெட்டுப்பல் நிற்கும் தளத்துக்கு வெளியே விலகித் தொடங்கும். ஜெர்போவாவில் அது அணிலைப் போல, சுண்டெலியைப் போல, அதே தளத்தில் தொடங்கும். பெரிய துளை கொறித்துண்ணிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தனித்தனியாக உருவாகியிருக்கிறது. ஆக மண்டையோட்டு அடையாளம் என்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. ஜெர்போவாவின் நெருங்கிய சொந்தம் சுண்டெலி, எலி, வெள்ளெலிகள் அடங்கிய மியூராய்டியா பெருங்குடும்பம்தான். இதில் எலும்பும் மரபணுவும் ஒத்துப்போகின்றன.

இந்தப் படியிலேயே போலிகளைக் கழித்துவிடலாம். நோட்டோமிஸ் துள்ளெலியின் துளை சாவித் துவாரம்; அது சுண்டெலிக் குடும்பம். ஜெர்போவா என்று அடிக்கடி தவறாகப் பெயர் சூட்டப்படும் ஜெர்பில் எலியும் அதே குடும்பம்தான். கங்காரு எலிக்கு அந்தப் பெரிய துளையே கிடையாது. கன்னத்தின் வெளிப்பக்கம் மயிர் படர்ந்த பை ஒன்று இருக்கும், அது ஜெர்போவாவுக்கு இல்லை. துள்ளுமுயல் மட்டும் சற்று ஏமாற்றும். அதற்கும் துளை பெரியது, தாடையும் ஜெர்போவாவினுடையதைப் போன்றதே. ஆனால் அது மூன்று கிலோ எடை தாண்டும் விலங்கு, பின்பாதத்தில் நான்கு விரல்கள், கீழ்த்தாடையில் முன்கடைவாய்ப்பல் உண்டு. டைபோடாய்டியாவில் எதற்கும் கீழ்த்தாடையில் முன்கடைவாய்ப்பல் கிடையாது. இந்த விதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பின்பாதம்

இப்போது காலுக்கு வரலாம். குடும்பம் உறுதியான பிறகு, ஜெர்போவாக் கிளைகளைப் பிரிக்க இதைவிட வசதியான உறுப்பு இல்லை.

கணுக்காலுக்கும் விரலுக்கும் நடுவில் உள்ள நீண்ட எலும்புகளை மெட்டாடார்சல் என்பார்கள். சாதாரண எலிக்கு ஒரு பாதத்தில் ஐந்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒன்று, எல்லாம் தனித்தனியாக. மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். பாதம் நீண்டிருக்கிறதா? நடு மூன்று மெட்டாடார்சல்களும் ஒன்றாக ஒட்டியிருக்கின்றனவா? எத்தனை விரல்கள் இருக்கின்றன?

பிர்ச் எலி: பாதம் அதிகம் நீளவில்லை, எலும்புகள் தனித்தனி, ஐந்து விரல். துள்ளும் சுண்டெலி: பாதம் நன்றாக நீண்டுவிட்டது, ஆனால் எலும்புகள் இன்னும் தனித்தனி, ஐந்து விரல். குள்ள ஜெர்போவா: எலும்புகள் ஒட்டவில்லை; ஆனால் கார்டியோகிரேனியஸுக்கு ஐந்து விரல், சால்பிங்கோட்டஸுக்கு மூன்று. ஐந்துவிரல் ஜெர்போவா: நடு மூன்றும் ஒட்டி ஒரே உறுதியான எலும்பாகிவிட்டன, முதலாவதும் ஐந்தாவதும் தனியாக, குட்டையாக, தரையைத் தொடாமல் பக்கத்தில் தொங்கும். நீள்செவி ஜெர்போவாவும் நடு எலும்புகள் ஒட்டிய ஐந்துவிரல்காரர்தான். மூன்றுவிரல் ஜெர்போவா: நடு எலும்புகள் ஒட்டிவிட்டன, பக்க விரல்கள் முழுதாகப் போய்விட்டன.

மேலே சொன்னதில் சால்பிங்கோட்டஸைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். மூன்று விரல் இருந்தும் எலும்பு ஒட்டவில்லை. அல்லாக்டாகாவில் எலும்பு ஒட்டியும் விரல் ஐந்து. அதாவது விரல் குறைவதும் எலும்பு ஒட்டுவதும் ஒன்றோடொன்று கட்டிய மாற்றங்கள் இல்லை. ஒன்று இல்லாமல் மற்றொன்று நடக்கும். விரல்களை மட்டும் எண்ணி சால்பிங்கோட்டஸையும் ஜாகுலஸையும் ஒரே பெட்டியில் போட்டால் தவறு. அவை தனித்தனிப் பாதைகளில் மூன்றுக்கு வந்தவை. இன்னொரு நல்ல எச்சரிக்கை எகிப்திலும் லிபியாவிலும் வாழும் நான்குவிரல் ஜெர்போவா. அது ஐந்துவிரல் கிளையைச் சேர்ந்தது, ஒரு பக்க விரல் மட்டும் போய்விட்டது. ‘ஐந்துவிரல்’ என்பது கிளையின் பெயர். ஒவ்வொரு உறுப்பினரிடமும் ஐந்து விரல் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

விரல் எப்படிப் போனது என்பதையும் கருவளர்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். 2014-ல் வெளிவந்த ஆய்வில், மூன்றுவிரல் ஜெர்போவாவான டைபஸின் கருவில் பின்பாதத்தின் ஓரங்களில் செல்கள் கூட்டமாக மடிந்து பக்க விரல்கள் வளராமல் நின்றுபோவது தெரிந்தது. விரல் இழப்பு வேறு விலங்குகளில் வேறு வழியாகவும் நடக்கும் என்பதை அதே ஆய்வு காட்டியது. வயது வந்த விலங்கில் ஒரே மாதிரி தெரியும் பாதம், வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்ததாக இருக்கலாம் என்பதற்கு இது நேரடியான ஆதாரம்.

நடைமுறையில் இரண்டு சிக்கல்கள் வரும். ஆந்தை உருண்டையில் ஒட்டிய எலும்பு மட்டும் தனியாகக் கிடைத்தால், அதன் நுனியில் மூன்று மூட்டுக் குமிழ்கள் இருப்பதை வைத்து மூன்றுவிரல் ஜெர்போவா என்று எழுதிவிடாதீர்கள். ஐந்துவிரல் ஜெர்போவாவின் நடு எலும்புக்கும் அதே மூன்று குமிழ்கள்தான்; அதன் பக்க எலும்புகள் மெல்லியவை என்பதால் கழன்று தொலைந்திருக்கும். அவை ஒருகாலத்தில் பொருந்தியிருந்த மூட்டுத் தடங்கள் கணுக்கால் எலும்புகளில் உண்டா என்று தேட வேண்டும். இரண்டாவது, அருங்காட்சியகத் தோல் மாதிரிகளில் பாத எலும்பு தோலுக்குள்ளேயே இருக்கும். வெட்டிப் பார்க்க முடியாது. எக்ஸ்ரே படம் கேளுங்கள். ஒட்டியதா இல்லையா என்பது ஒரு படத்தில் தெரிந்துவிடும்.

பாதத்தை அளக்கும்போது குதிகாலிலிருந்து நீளமான விரல் நுனி வரை அளக்கவும். நகத்தைச் சேர்த்து அளந்தீர்களா, விட்டு அளந்தீர்களா என்று கட்டாயம் குறிக்க வேண்டும். இரண்டு வழக்கமும் உலகில் இருக்கிறது. பழைய பதிவுகளோடு ஒப்பிடும்போது பெரும் குழப்பம் வருவது இங்கேதான்.

நான்காம் படி: பற்கள்

டைபோடாய்டியாவில் பல் கணக்கு எளிது. 16 அல்லது 18. மேல்தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் கடைவாய்ப்பற்களுக்கு முன்னால் ஒரு சின்ன முன்கடைவாய்ப்பல் இருந்தால் 18, இல்லாவிட்டால் 16. பிர்ச் எலி, சேபஸ், அல்லாக்டாகா, குள்ள ஜெர்போவாக்கள் ஆகியவற்றுக்கு 18. ஜாகுலஸுக்கு 16. துள்ளும் சுண்டெலிகளில் சேபஸையும் நாபியோசேபஸையும் பிரிக்க இதுவே போதும்: சேபஸுக்கு அந்தக் குட்டிப் பல் உண்டு, நாபியோசேபஸுக்கு இல்லை. உயிரோடு இருக்கும் விலங்கென்றால் வாலைப் பாருங்கள். நாபியோசேபஸின் வால் நுனி வெள்ளையாக இருக்கும்.

இந்த முன்கடைவாய்ப்பல் சில இனங்களில் குண்டூசித் தலை அளவே இருக்கும். சுத்தம் செய்யும்போது விழுந்துவிடும். பல் இல்லை என்று எழுதுவதற்கு முன் அது நின்ற குழி இருக்கிறதா என்று லென்ஸில் பார்க்கவும்.

அடுத்தது மேல் வெட்டுப்பல்லின் முன்முகம். நீளவாக்கில் பள்ளம் ஓடுகிறதா, வழவழப்பா? டைபஸ், ஜாகுலஸ், சேபஸ், கார்டியோகிரேனியஸ்: பள்ளம் உண்டு. அல்லாக்டாகா, சால்பிங்கோட்டஸ், சிசிஸ்டா: இல்லை. அல்லாக்டாகாவின் வெட்டுப்பல் வெள்ளையாக, முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். கடினமான மண்ணைப் பல்லால் கொத்தித் தோண்டும் பழக்கத்தோடு இந்தச் சாய்வு பொருந்துகிறது. ஆனால் இந்தப் பள்ளத்தைக் கிளைகளைச் சேர்க்கப் பயன்படுத்தாதீர்கள். ஜெர்பில் எலிகளுக்கும் பள்ளம் உண்டு, கங்காரு எலிகளுக்கும் உண்டு. பலமுறை தோன்றிய அடையாளம் அது. நெருங்கிய இரண்டு பேரினங்களைப் பிரிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கார்டியோகிரேனியஸா, சால்பிங்கோட்டஸா என்ற கேள்விக்கு உடனே விடை சொல்லும்.

கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பு தனியாகப் படிக்க வேண்டிய பாடம். சிசிஸ்டாவின் பல் தாழ்ந்தது, முனைகள் தெளிவானவை. ஜெர்போவாக்களில் பல் உயர்ந்து, முனைகளுக்குப் பதில் ஓரத்திலிருந்து உள்ளே போகும் மடிப்புகள் முக்கியமாகின்றன. மூன்றுவிரல் கிளையில் இந்த அமைப்பு எளிமையாகிவிடுகிறது. தொடக்கத்தில் வரைந்து பழகுங்கள். புகைப்படம் எடுத்துக்கொண்டு போவதைவிட, பென்சிலால் மடிப்புகளின் கோட்டை வரைந்தால் கண் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளும்.

ஐந்தாம் படி: செவிக்குமிழும் மற்றவையும்

மண்டையோட்டின் பின்கீழே, காதுக்குள்ளிருக்கும் எலும்பறை ஊதிய குமிழாகத் தெரியும். குள்ள ஜெர்போவாக்களில் இது அளவுக்கு மீறிப் பெருத்து, மேலிருந்து பார்க்கும்போதே மண்டையின் பின்பாதி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ஜாகுலஸிலும் பெரியது. அல்லாக்டாகாவில் ஒப்பீட்டளவில் அடக்கம். திறந்த பாலைவனத்தில் தாழ்ந்த ஒலிகளைக் கேட்க இது உதவுகிறது. அதனால்தான் கங்காரு எலியிலும் ஜெர்பிலிலும் இதே வீக்கம் வந்திருக்கிறது. அளந்து எழுதுங்கள், பேரினங்களுக்குள் ஒப்பிடுங்கள், தூரத்து உறவுக்குச் சாட்சியாக அழைக்காதீர்கள்.

கழுத்தெலும்பு கிடைத்தால் அதையும் பாருங்கள். பல ஜெர்போவாக்களில் தலையைத் தாங்கும் முதல் எலும்பு தனித்திருக்க, அதற்குப் பின்னால் உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கிளைக்குக் கிளை ஒட்டிய அளவு மாறும்.

முன்னங்கால் எலும்பும் பின்காலின் கணைக்கால் எலும்பும் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பின்காலின் இரண்டு நீண்ட எலும்புகளும் கீழ்ப்பகுதியில் ஒட்டியிருப்பது மியூராய்டியாவுக்கும் உள்ள அமைப்பு. நம் கூட்டத்துக்குள் யாரையும் பிரிக்க அது உதவாது.

வெளி அடையாளங்களில் வால் குஞ்சமும் காதும் உதவும். அல்லாக்டாகாவின் வால் நுனியில் கறுப்பு வெள்ளைக் கொடி போல அகன்ற குஞ்சம் இருக்கும். யூகோரியூட்டஸின் காது தலையைவிட நீளம், அதை வேறெதோடும் குழப்ப முடியாது. வால் தடிமனை மட்டும் நம்பாதீர்கள். சில இனங்கள் வாலில் கொழுப்பைச் சேர்த்து வைத்து, பருவம் மாறும்போது செலவழித்துவிடும். ஒரே விலங்கு ஒரு பருவத்தில் தடித்த வாலோடும் இன்னொரு பருவத்தில் மெலிந்த வாலோடும் இருக்கும். விரலுக்கு அடியில் உள்ள மயிர்த் தூரிகையும் அப்படித்தான் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியது: டைபஸ், ஜாகுலஸ், பாராடைபஸ் போன்ற மணல்வாசிகளுக்கு அது மணலில் வழுக்காமல் ஓட உதவுகிறது. மணல் இருக்கும் இடத்தில் அது திரும்பத் திரும்ப உருவாகக்கூடியது.

புதியவர்கள் தயங்கி ஒதுக்கும் ஒன்று இனப்பெருக்க உறுப்பு. ஒதுக்க வேண்டாம். ஆண் உறுப்பின் வடிவம், அதன் மேலுள்ள சிறு முட்கள், உள்ளே எலும்பு உண்டா என்பவை இந்தக் கூட்டத்தின் வகைப்பாட்டில் நெடுங்காலமாக மதிக்கப்படுபவை. வினோகிராடோவ் என்ற ரஷ்ய விலங்கியலாளர் 1925-லேயே ஜெர்போவாக்களையும் துள்ளும் சுண்டெலிகளையும் இதை வைத்து ஒப்பிட்டு எழுதினார். துள்ளி ஓடுவதற்கும் இந்த உறுப்பின் வடிவத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அதனால் காலும் செவிக்குமிழும் ஏமாற்றும் இடத்தில் இது தனிச் சாட்சியாக நிற்கும்.

ஆறாம் படி: அட்டவணை போடு, எடை போடு

பார்த்ததையெல்லாம் ஒரு அட்டவணையில் எழுதுங்கள். இடப்பக்கம் மாதிரிகள், மேலே அடையாளங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண்: மாறாத பழைய நிலைக்கு 0, மாறிய நிலைக்கு 1, மேலும் மாறியிருந்தால் 2. தெரியாவிட்டால் கேள்விக்குறி. ஊகித்து நிரப்பக் கூடாது.

எது பழைய நிலை என்று எப்படித் தெரியும்? கூட்டத்துக்கு வெளியே இருக்கும் நெருங்கிய சொந்தத்தைப் பாருங்கள், அதாவது மியூராய்டியாவை. அங்கே மெட்டாடார்சல்கள் தனித்தனி, பின்பாதத்தில் ஐந்து விரல். ஆகவே ஜெர்போவாக்களில் அதுவே பழைய நிலை. இதிலிருந்து முக்கியமான ஒன்று பிறக்கிறது: இரண்டு விலங்குகளுக்கு ஐந்து விரல் இருப்பது அவற்றின் நெருக்கத்துக்குச் சான்று இல்லை, ஏனென்றால் அது எல்லோரும் பாட்டனிடமிருந்து கொண்டுவந்தது. புதிதாக மாறிய நிலையைப் பகிர்ந்துகொண்டால்தான் அது சான்று. கார்டியோகிரேனியஸையும் அல்லாக்டாகாவையும் ஐந்து விரல் என்று ஒன்றுசேர்க்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

பள்ளிப் பாடத்தில் அமைப்பு ஒத்த உறுப்புகள், செயல் ஒத்த உறுப்புகள் என்று படித்திருப்பீர்கள். அந்தப் பாகுபாடு வேலைக்கு வருவது இங்கே. ஜாகுலஸின் பாதமும் டைபஸின் பாதமும் ஒரே பாட்டனிடமிருந்து வந்தவை. ஜாகுலஸின் பாதமும் கங்காரு எலியின் பாதமும் ஒரே வேலைக்காகத் தனித்தனியே நீண்டவை.

எடை போடும்போது இன்னொரு கவனம் வேண்டும். நீண்ட பாதம், ஒட்டிய எலும்பு, குறைந்த விரல், ஒட்டிய கழுத்து ஆகிய நான்கும் ஒரே துள்ளலுக்காக வந்த மாற்றங்கள். இவற்றை நான்கு தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால், ஒரே ஆளை நான்கு முறை வாக்குமூலம் கொடுக்க வைத்த மாதிரி ஆகிவிடும். துள்ளலோடு தொடர்பில்லாத பல் அமைப்பு, கண்கீழ்த் துளை, இனப்பெருக்க உறுப்பு ஆகியவை அதே முடிவைச் சொல்கின்றனவா என்று பார்த்த பிறகே முடிவு எழுதுங்கள்.

ஒரு பயிற்சி

முழு மண்டையோடும் ஒரு முழுப் பின்பாதமும் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசிக் கடைவாய்ப்பல் முளைத்திருக்கிறது, ஆகவே வளர்ந்த விலங்கு. கண்கீழ்த் துளை பெரியது, கீழே உள்பக்கம் தனிச் சிறுதுளை. கீழ்த்தாடையில் முன்கடைவாய்ப்பல் இல்லை. டைபோடாய்டியா. பாதம் மிக நீளம், நடு எலும்புகள் ஒட்டியிருக்கின்றன. ஆகவே பிர்ச் எலியும் துள்ளும் சுண்டெலியும் குள்ள ஜெர்போவாவும் கழிந்தன. பக்க விரல்கள் இல்லை, கணுக்காலில் அவற்றுக்கான மூட்டுத் தடமும் இல்லை. ஐந்துவிரல் கிளையும் நீள்செவியும் கழிந்தன. மேல் வெட்டுப்பல்லில் பள்ளம், மேல்தாடையில் முன்கடைவாய்ப்பல்லும் இல்லை, அதன் குழியும் இல்லை, செவிக்குமிழ் பெரியது. ஜாகுலஸ் என்ற திசை தெரிகிறது.

இப்போதுதான் எங்கே கிடைத்தது என்ற சீட்டைப் பார்க்க வேண்டும். முதலிலேயே பார்த்தால் கண் எதிர்பார்த்ததையே காணும். வட ஆப்பிரிக்கா என்றால் ஜாகுலஸ் ஜாகுலஸும் அதைவிடப் பெரிய ஜாகுலஸ் ஓரியண்டாலிஸும் போட்டியில் இருக்கும். மண்டையோட்டு நீளமும் பாத நீளமும் இவற்றைப் பிரிக்க உதவும். ஈரான், துர்க்மெனிஸ்தான் பக்கம் என்றால் ஜாகுலஸ் பிளான்ஃபோர்டியையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

எங்கே நிறுத்துவது

சில இடங்களில் எலும்பு பேரினத்தோடு நின்றுவிடும். ஜாகுலஸ் ஜாகுலஸ் என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டு வந்த வட ஆப்பிரிக்க விலங்குகளுக்குள் மரபணுவில் தெளிவாகப் பிரிந்த இரண்டு வழிகள் இருப்பது பிற்காலத்தில் தெரியவந்தது. எலும்பை அளந்தால் இரண்டின் அளவுகளும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அந்த நிலையில் மில்லிமீட்டர் கணக்கை இழுத்துப் பிடித்து ஒரு சிற்றினப் பெயரைச் சூட்டுவதைவிட, ஜாகுலஸ் என்று பேரினத்தோடு நிறுத்தி, எந்தெந்த அடையாளங்களைப் பார்த்தீர்கள் என்று எழுதி வைப்பதே மேல். ஒரு சிறு திசுத் துண்டு சேமிக்கப்பட்டிருந்தால் அதன் எண்ணையும் குறித்துவிடுங்கள்.

பெயர்களும் மாறிக்கொண்டிருக்கும். அல்லாக்டாகா என்று ஒரே பேரினத்தில் இருந்த பலவற்றை இப்போது ஸ்கார்டூரஸ், ஓரியண்ட்அல்லாக்டாகா என்று பிரித்து எழுதுகிறார்கள். பழைய சீட்டில் உள்ள பெயரை அடித்துவிட்டுப் புதியதை எழுதக் கூடாது. பழைய சீட்டு அப்படியே இருக்க வேண்டும். உங்கள் முடிவைத் தனிச் சீட்டில், தேதியோடு, வயது நிலை, பல் எண்ணிக்கை, வெட்டுப்பல் பள்ளம், மெட்டாடார்சல் நிலை, விரல் எண்ணிக்கை, பாத நீளம் நகத்தோடா இல்லையா என்ற விவரங்களோடு சேர்த்து அதே பெட்டியில் வையுங்கள்.